தனசேகரன் கட்டிய முடிச்சு

கல்லூரியில் மலர் போடுகிறார்களாம். அந்தக் காலத்துப் படகுச் சங்கத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தார்கள். என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பார்கள்? சங்கத்தின் இரண்டு படகுகளையும் செய்து கொடுத்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஓர் உளியும் கொட்டாப்புளியுமாகப் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்து வந்து, தறிமரம் செதுக்கி, பிறகு சொந்தமாக மர டிப்போ வைத்தவன். இன்றைக்குப் பாளையத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நான் அறுத்துக் கொடுத்த மரத்தில்தான் தறி நிற்கும். கடலைப் பார்க்காமலேயே படகு கட்டினேன். ஒரு படமும் ஒரு அளவுச் சீட்டும்தான் கொடுத்தார்கள். முதல் நாள் தண்ணீரில் விட்டபோது ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இப்படிச் சொல்லிக்கொள்ள இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது.

எழுத உட்கார்ந்தால் படகு வரவில்லை. தனசேகரன்தான் வருகிறான். அதனால் அவனைப் பற்றியே எழுதுகிறேன். போட்டால் போடட்டும், விட்டால் விடட்டும்.

தனசேகரன் தென்னேரிக்கரைக் காலனியில் பிறந்தவன். அவன் அப்பா அந்தோணி, ஏரிக்கு நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவர் கையில். மழைக்காலத்தில் மதகில் ஏதாவது சிக்கிக்கொண்டால் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே மூழ்கி அதைச் சரிசெய்வதும் அவர்தான். அதற்குக் களத்தில் வருஷத்துக்கு இத்தனை மரக்கால் நெல் என்று அளப்பார்கள். அவருடைய அப்பாவும் அதே மதகில்தான் மூழ்கிச் செத்தார் என்று சொல்வார்கள். அம்மா மேரி நாற்று நடப் போவாள். ஒரே பிள்ளை. இவனாவது மதகுக்குள் இறங்கக்கூடாது என்று மாதா கோவிலில் வேண்டிக்கொண்டு படிக்க வைத்தார்கள். கல்லூரி வரைக்கும் வந்துவிட்டான்.

அறுபத்தேழில் அப்பாதுரை என்று ஒரு பௌதிக ஆசிரியர் வந்தார். முன்பு கடற்படையில் இருந்தவராம். காஞ்சிபுரத்துக் கல்லூரிக்குப் பாய்மரப் படகுச் சங்கம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஊரில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மரம் என்னுடையது, கூலி என்னுடையது என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் சைக்கிளில் தென்னேரிக்குப் போய்ப் படகு விடப் பழகினார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர் புதுப் பாய் ஒன்று வாங்கி அனுப்பினார்.

அறுபத்தொன்பது தை மாதம் சங்கத்துக்கு மாணவர் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். செயலாளர், சாமான் அறைக்கு ஒருவன், எல்லாருக்கும் மேலே கேப்டன். மற்ற பதவிகளுக்கு யாரும் சண்டை போடவில்லை. கேப்டன் பதவிக்குத்தான் போட்டி. அதற்குக் காரணம் இருந்தது. கேப்டனாக இருப்பவனைச் சென்னைத் துறைமுகத்தில் மூன்று மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாக அப்பாதுரை ஏற்பாடு செய்திருந்தார். வருஷத்துக்கு ஓர் ஆள். பயிற்சி முடித்தவனுக்குக் கப்பல் கம்பெனியில் இடம் நிச்சயம். தனசேகரனுக்கு அது கிடைத்தால் மதகு இல்லை. கிடைக்காவிட்டால் மதகு. அவனுக்கும் தெரியும், மேரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எதிரே நின்றவன் ராஜவேலு. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன். காலை ஐந்து மணிக்குத் தறிக்குழியில் கால் விட்டால் ஒன்பது மணிக்கு எழுந்து, அப்படியே கல்லூரிக்கு ஓடி வருவான். அவன் வீட்டுத் தறியும் நான் போட்டதுதான். நல்ல பையன், கெட்டிக்காரன். அவனுக்கும் அந்தக் குழியை விட்டு வெளியே வர ஆசை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஏரிக்கரையில் படகுக் கொட்டகை முன்னால் கை தூக்கச் சொன்னார்கள். சங்கத்தில் பதினெட்டுப் பேர். ஒன்பது ஒன்பதாக நின்றது.

“காலனிப் பையன் குரல் குடுத்தா நாம கயிறு இழுக்கணுமா?” என்று பின்னால் ஒருத்தன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பாதுரை என் பக்கம் வந்தார். “மொதலாளி, நான் ஒரு பக்கம் சொன்னா இன்னொரு பக்கம் நாளைக்கு என் கிளாஸ்ல உட்காராது. படகு உங்களோடது. நீங்க சொல்லுங்க.”

எனக்கு மார்பு விரிந்தது. காலேஜ் படிப்புக்காரர்கள் பத்தொன்பது பேர் நிற்கிறார்கள், மூன்றாம் வகுப்புக்காரன் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள். ஆளை முகத்தைப் பார்த்து எடை போடாதே, கையைப் பார்த்து எடை போடு என்பது என் கணக்கு. அப்படித்தான் என் பட்டறைக்கு ஆள் எடுப்பேன். ஒரு நாளும் தப்பியதில்லை.

“ஆளுக்கு ஒரு கயிறு எடுங்கப்பா. இந்தக் கம்பத்துல கட்டுங்க பாக்கலாம்” என்றேன்.

ராஜவேலு கட்டினான். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. தறியில் இழை அறுந்தால் போடுகிற முடிச்சு. சின்னதாக, இறுக்கமாக இருக்கும். தறியின் அச்சுப் பல்லுக்குள்ளே ஆயிரம் முறை போய் வந்தாலும் அவிழக்கூடாது. அவிழ்ந்தால் சேலை போச்சு. அதையே கயிற்றில் போட்டிருந்தான். நான் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். அப்போது எழுபத்தைந்து கிலோ எடை இருப்பேன். முடிச்சு இன்னும் இறுகியது.

தனசேகரன் கட்டியது வேறு மாதிரி. ஒரு வளையம் விட்டுக் கட்டியிருந்தான். அதையும் பிடித்து இழுத்தேன். தாங்கியது. அவனே வந்து வால் பக்கத்தை இரண்டு விரலால் சுண்டினான். மொத்தமும் கழன்று காலடியில் விழுந்தது.

“என்னப்பா இது, பாவாடை நாடாவா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

“இல்லீங்கய்யா. காத்து ஒரேடியா அடிச்சா பாயை உடனே உட்டுடணும். எங்கப்பா மதகுல எறங்கறப்ப இடுப்புல இப்டிதான் கட்டுவாரு. கயிறு உள்ள மாட்டிக்கினா, ஒரு சுண்டு, வெளிய வந்துடலாம்.”

“உடறதுக்காடா கட்றது?”

மறுபடியும் சிரிப்பு. அவனும் லேசாகச் சிரித்துக் கயிற்றைச் சுருட்டி வைத்தான். அப்பாதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் ராஜவேலுவின் தோளில் கையைப் போட்டுவிட்டேன். “இவன் கட்டுனா கட்டுனதுதான். இவன்தான் கேப்டன்” என்றேன். அப்பாதுரை வாயை மூடிக்கொண்டார். படகு என்னுடையது அல்லவா.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஜாதி பார்த்து முடிவு செய்தவன் இல்லை. கயிற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். இதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லி ஆறுதலாக இருந்ததில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆற்காட்டிலிருந்து வந்த ஒரு மர வியாபாரிக்கு என் படகைக் காட்டலாம் என்று தென்னேரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஏரி நிறைந்து கிடந்தது. படகில் நான்கு பேர். பாய்க் கயிற்றைப் பிடித்திருந்தவன் ராஜவேலு. பின்னால் சுக்கானில் தனசேகரன். நடுவில் முதல் வருஷப் பையன்கள் இரண்டு பேர்.

“அதோ பாருங்க, அந்தப் பையன் என் ஆளு. நான் வெச்ச கேப்டன்” என்று வியாபாரியிடம் சொல்லிக் கரையிலிருந்து கையை ஆட்டினேன். ராஜவேலு பார்த்துவிட்டான். பெரிய மனுஷன் கையாட்டும்போது ஒற்றைக் கையால் பதில் சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பான். குனிந்து கயிற்றை முளையில் கட்டினான். எழுந்து நின்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

அப்போதுதான் காற்று வந்தது. மேற்கிலிருந்து, பனைமரங்களை வளைத்துக்கொண்டு. பாய் உப்பிப் படகு ஒரு பக்கமாகப் படுக்க ஆரம்பித்தது. ராஜவேலு முடிச்சின் மேல் விழுந்து நகத்தால் பிய்த்தான். நனைந்த பருத்திக் கயிறு. ஊறி இறுகியிருக்கும். இரண்டு சின்னப் பையன்களும் தண்ணீரில் விழுந்தார்கள். கரையில் நான் நிற்கிறேன், கால் நகரவில்லை.

தனசேகரன் சுக்கானை விட்டுவிட்டுத் தாவினான். இடுப்பில் அவன் அப்பாவின் சின்னச் சூரிக்கத்தி எப்போதும் இருக்கும். ஒரே வெட்டு. கயிறு தெறித்தது. பாய் விடுபட்டுச் சடாரென்று அந்தப் பக்கம் போய்க் கிழிந்தது. பாய்மரம் அடியோடு முறிந்தது. படகு நிமிர்ந்துவிட்டது. அடுத்த கணம் அவன் தண்ணீரில் இருந்தான். ஒருத்தனை முடியைப் பிடித்தும் இன்னொருத்தனைச் சட்டையைப் பிடித்தும் கரைக்குக் கொண்டு வந்தான். நான்கு பேரும் பிழைத்தார்கள்.

அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது அதில்லை. சென்னைப் பெரிய மனிதர் கொடுத்த பாய் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. கல்லூரிக்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. செவ்வாய்க்கிழமை முதல்வர் அறையில் விசாரணை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேஜை மேல் ஒரு சாண் நீளக் கயிறு கிடந்தது. முளையிலிருந்து கழற்றி எடுத்தது. ஒரு முனையில் வெட்டு, நடுவில் முடிச்சு.

“நீதானே இதை வெட்டினது?” என்று முதல்வர் தனசேகரனைக் கேட்டார்.

“ஆமா சார். முடிச்சு அவுக்க வரல.”

ராஜவேலு தலையைக் குனிந்திருந்தான். அவனைக் கேட்டதற்கு, “அவுத்துக்கினுதான் சார் இருந்தேன். அதுக்குள்ள வெட்டிட்டான்” என்றான். அது பொய்யும் இல்லை.

“கேப்டன் பதவி கிடைக்கலைன்னு உனக்கு மனசுல ஒரு வருத்தம் இருந்துது இல்லையா?” என்றார் முதல்வர்.

“இருந்துது சார்” என்றான் தனசேகரன். அவனுக்குப் பொய் வராது. அந்த ஒரு வார்த்தைதான் அவனைக் கவிழ்த்தது. அறையில் இருந்த முகங்கள் மாறியதை நான் பார்த்தேன். காலனிப் பையன், கையில் கத்தி, மனதில் வருத்தம். வேறென்ன வேண்டும் அவர்களுக்கு?

அப்பாதுரை மட்டும் விடவில்லை. “சார், மொதலாளிக்குக் கயிறு, முடிச்சு எல்லாம் அத்துப்படி. இது அவிழக்கூடிய முடிச்சான்னு அவரையே கேளுங்க” என்றார்.

கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். பார்த்தேன். தறி முடிச்சு. போன மாதம் என் முழு எடையையும் தொங்கவிட்டு, இவன் கட்டினால் கட்டினதுதான் என்று நான் பட்டம் கொடுத்த அதே முடிச்சு. இது அவிழாது என்று சொன்னால், கேப்டனைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவன் நான் என்று ஆகும். பத்தொன்பது பேர் எதிரில் சொன்ன சொல். சபையில் சொன்ன சொல்லை நான் அதுவரை திரும்ப எடுத்துக்கொண்டதே இல்லை.

“எந்த முடிச்சும் நிதானமா அவுத்தா அவுரும்” என்றேன்.

தனசேகரன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. 

அந்தக் கயிற்றை ஏன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன் என்று தெரியாது. சாயங்காலம் டிப்போவில் விளக்கேற்றியதும் உட்கார்ந்து அவிழ்க்கப் பார்த்தேன். நகத்தால், ஆணியால், கடைசியில் துளையூசியால். சாப்பாட்டுக்கு என் மனைவி தேவகி வந்து கூப்பிட்டபோதும் அப்படியே இருந்தது.

“என்னாத்த இப்டி நோண்டிக்கினு இருக்கீங்க? வெட்டிப் போட வேண்டியதுதானே?” என்றாள்.

நான் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு எழுந்தேன்.

தனசேகரனைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். நடத்தைச் சான்றிதழில் கட்டுப்பாடு இல்லாதவன் என்று எழுதிவிட்டார்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வருவதை நிறுத்திக்கொண்டான். ராஜவேலு துறைமுகப் பயிற்சிக்குப் போனான். இப்போது விசாகப்பட்டினத்தில் கப்பல் கம்பெனியில் நல்ல உத்தியோகம். தீபாவளிக்கு எனக்குத் தவறாமல் கடிதம் போடுகிறான். தனசேகரன் பெயர் எந்தக் கடிதத்திலும் வந்ததில்லை. அப்பாதுரை வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருஷத்தில் படகுகள் வெயிலில் வெடித்தன. கொட்டகையில் ஆடு கட்டினார்கள்.

எழுபத்து மூன்றில் அந்தோணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதற்குள் இவன் எங்கெங்கோ வேலைக்கு அலைந்திருக்கிறான். எல்லா இடத்திலும் அந்தச் சான்றிதழைக் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் அப்பாவின் கயிற்றையும் சூரியையும் எடுத்துக்கொண்டு மதகுக்கு வந்துவிட்டான். பி.எஸ்ஸி. மூன்றாம் வருஷம் வரை படித்த நீர்க்கட்டி இந்த ஜில்லாவிலேயே இவன் ஒருவன்தான் இருப்பான்.

அடுத்த வருஷம் என் டிப்போவுக்கு வந்தான். மெலிந்திருந்தான். வெயிலில் கறுத்து, காதுக்குள் எப்போதும் தண்ணீர் இருப்பது போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு பேசினான்.

“மதகுப் பலகை உளுத்துப் போச்சுங்கய்யா. ஊர்ல புதுசு போடச் சொன்னாங்க.”

“நீ கேட்டா நான் இல்லேம்பனா? உள்ள வந்து உக்காருப்பா.”

“இருக்கட்டுங்க. நிக்கறேன்.”

நானே உள்ளே போய் நல்ல வைரம் பாய்ந்த கட்டையாக எடுத்து வந்து தட்டிக் காட்டினேன். “இது போதுமா பாரு. என் கையால செதுக்கித் தரேன். முப்பது வருசத்துக்கு அசையாது.”

“கெட்டியா இருந்தா போதுங்க. இது அவுர வேண்டாத சாமான்” என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். குத்திச் சொன்னானா, சும்மா சொன்னானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆணியில் தொங்கிய கயிறு அவன் கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பேசியிருக்கலாம். டிப்போவில் வேறு யாரும் இல்லை. ஊரில் என் வாய்க்கு எதிர் வாய் கிடையாது என்பார்கள். அன்றைக்கு, “பலகை வெள்ளிக்கிழமை ரெடியாயிடும்” என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை.

எழுபத்தேழு கார்த்திகையில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏரி கரை தளும்பியது. எங்கிருந்தோ அடித்து வந்த மரக்கிளை மதகில் சிக்கிப் பலகை பாதியில் நின்றுவிட்டது. திறக்காவிட்டால் கரை உடையும், கரை உடைந்தால் கீழே மூன்று ஊர். தனசேகரன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். இரண்டு முறை போய் மூச்சு வாங்க மேலே வந்தான். மூன்றாம் முறை கிளை வந்தது, பலகை ஏறியது, தண்ணீர் பீறிட்டது. அவன் வரவில்லை. மேலே இருந்தவர்கள் கயிற்றை இழுத்தால் எதிலோ மாட்டிக்கொண்டது போல நின்றதாம். பிறகு ஒரேயடியாக லேசாகி வெறும் கயிறாக வந்ததாம். மறுநாள் மத்தியானம் கீழ் வாய்க்காலில் கிடைத்தான். முப்பது வயது முடியவில்லை.

கேள்விப்பட்டுப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. கரையில் கிடத்திக் கோணி போட்டு மூடியிருந்தார்கள். தலைமாட்டில் மேரி. அழுது ஓய்ந்திருந்தாள். அந்த வெறும் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நாங்க இழுத்துக்கினுதான இருந்தோம். கெட்டியா கட்டியிருந்தான்னா மேல வந்திருப்பான்.”

“அவன் எப்பவுமே அப்டிதான்பா. தொட்டா கழண்டு போறாப்ல கட்டுவான்.”

“காலேஜில படகு விட்டப்பகூட ஏதோ கயிறு தகராறுன்னு சொல்லுவாங்களே. கயித்துல அவனுக்கு ராசி இல்ல.”

செத்த பிறகும் இவன் மேல்தான் பழியா?

“யார்ரா அவன்?” என்று கேட்டேன். என் குரல் அப்போதும் சன்னமானது இல்லை. எல்லாரும் திரும்பினார்கள். “கயிறு உள்ள இரும்புல மாட்டிக்கிச்சு. அவுரலன்னா அங்கயே மூச்சடைச்சுப் பூடுவான். அதுக்குத்தான் அப்டிக் கட்டுவான். அவுத்துட்டுத்தான் வெளிய வரப் பாத்திருக்கறான். தண்ணி இழுத்துக்கிச்சு, அவ்ளோதான். அவன் கட்டுனதுதான் சரி. அன்னிக்கிப் படகுலயும் அவன் சொன்னதுதான் சரி. அந்த முடிச்சு அவுராத முடிச்சு. வெட்டலன்னா நாலு பசங்களும் போயிருப்பாங்க. எனக்குத் தெரியும்.”

எட்டு வருஷமாக வராதது ஒரு மூச்சில் வந்துவிட்டது. சொல்லிவிட்டோம் என்று எனக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானதுகூட உண்மை.

மேரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மகன் அன்றைக்கு முதல்வர் அறையில் பார்த்த அதே பார்வை.

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா எம்புள்ள இந்தத் தண்ணிக்குள்ள எறங்கியிருக்க மாட்டானேய்யா” என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. மடியிலிருந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள். ஈரக் கயிறு. நிதானமாக, ஒரு சுற்றுக்கு மேல் ஒரு சுற்று. நான் குடையை மடக்கிக்கொண்டு நின்றேன்.

சவப்பெட்டிக்கு நல்ல தேக்குப் பலகை அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டாள். ஊரில் கிடைத்த மாமரப் பலகையில் செய்த பெட்டியில்தான் அவனைக் கொண்டு போனார்கள்.

மலர் போடுகிறவர்கள் சங்கத்துப் படம் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார்கள். படம் எதுவும் என்னிடம் இல்லை. அந்த ஒரு சாண் கயிறு இன்னும் டிப்போவில் ஆணியில் தொங்குகிறது. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். முடிச்சு அப்படியே இருக்கிறது.